சின்ன ர போட்ட அரைமரை

விசில் என்றால் எங்கள் பட்டறைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. ரெண்டாம் நம்பர் லேத்தில் இரும்பு கடைகிறவன். ஒல்லி உடம்பு, தோளில் எண்ணெய்த் துணி, குவித்த உதடு. எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டே இருப்பான். ஒன்றாம் நம்பர் லேத்து என்னுடையது. பத்தொன்பது வருஷமாக அந்த விசிலைக் கேட்டுக் கேட்டு என் வலது காது காய்ப்புக் காய்த்துவிட்டது. அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவன்மேல் என்னைவிட வயிறு எரிந்த ஆளும் கிடையாது. ரெண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சும்மா சொல்லக் கூடாது, வேலைக்காரன். டூல் மழுங்கிவிட்டதா என்று நான் சுருண்டு விழுகிற இரும்புச் சீவலைப் பார்த்துத்தான் சொல்வேன். அவன் சத்தத்தை வைத்தே சொல்லுவான். அதுவும் அவன் லேத்துச் சத்தத்தை அல்ல, என் லேத்துச் சத்தத்தை. "அண்ணே, டூலைத் தீட்டிடுங்க, அழுவுது" என்பான், திரும்பிக்கூடப் பார்க்காமல். போய்ப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும். ஒரு மனுஷன் பக்கத்து லேத்தில் நின்றுகொண்டு உன் டூல் மழுங்கியதை உனக்குச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பான். முன் பக்கத்திலிருந்து வேலை அளவுகள். பின் பக்கத்திலிருந்து பாட்டு. இரண்டும் நடுவில் சந்தித்தால் புது நோட்டு.

இனி மரையைப் பற்றி ஒரு வார்த்தை. போல்ட்டைச் சுற்றி ஏறுகிற வரிதான் மரை. லேத்தில் அதை வெட்டும்போது ஒவ்வொரு தடவையும் டூல் பழைய தடத்திலேயே விழ வேண்டும். லீவரைக் கண் இமைக்கும் நேரம் முன்னே பின்னே போட்டால் தடம் மாறிவிடும். பார்வைக்கு நல்ல மரை மாதிரியே தெரியும். நட்டைப் போட்டுத் திருகினால் பாதி வரை ஏறும், அங்கேயே உட்கார்ந்துவிடும். மேலேயும் போகாது, கழற்றினால் வரவும் வராது. அடுத்த பட்டறைகளில் அதற்கு என்ன சொல்கிறார்களோ தெரியாது. எங்களுக்கு அது அரைமரை. சின்ன ர.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கதவு இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். கீலைக் கழற்றப் போனால் போல்ட் பாதியில் நின்றுகொண்டு நகரவே இல்லை. "அட, அரைமரை!" என்றேன், போல்ட்டைப் பார்த்து. கதவுக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கிற பெண் நின்றிருந்தாள். ஒரு கண்ணும் அரை மூக்கும்தான் தெரிந்தது. அந்த ஒரு கண் சிரித்தது.

அவள்தான் இப்போது என் வீட்டுக்காரி. அன்றைக்குப் பிறகு ரெண்டு வருஷம் சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் என்னைச் சுற்றவிட்டாள். அந்த போல்ட்டே தேவலை. அதனால் அவளுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டேன். என்ன கோபத்தில் இருந்தாலும் "அரைமரை" என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும். கெட்டுப்போன போல்ட்டோடு சேர்த்துப் பேசியதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற பெண்பிள்ளையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நம்ம ராசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு இடது கன்னத்தில், காதிலிருந்து தாடை வரை, சின்ன வயசில் வெந்நீர் கொட்டிய தழும்பு. எங்கே நின்றாலும் அந்தப் பக்கத்தை எதற்காவது பின்னால் விட்டுக்கொண்டுதான் நிற்பாள். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தால் பட்டறை கேட்டைத் தாண்ட மாட்டாள். கேட் தூணோரம் பாதியாக நிற்பாள். "அரைமரை வந்தாச்சு" என்று நான் லேத்தை நிறுத்துவேன். ரெண்டாம் நம்பரில் விசில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பக்கத்து லேத்துக்குக் காது உண்டு என்று எவன் நினைப்பான்?

பாட்டு வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். விசிலின் மச்சான் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். இரண்டு பேருமாக ஒரு அறையில் ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு ஏதோ பதிவு செய்திருக்கிறார்கள். அதை ஒரு கம்பெனி வாங்கி, நல்ல பாடகனை வைத்துப் பாடவைத்து வெளியிட்டது. எனக்கு இது எதுவுமே தெரியாது. சலூனில் முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தேன். ரேடியோ பாடியது:

*அரைமறையே அரைமறையே, மீதி முகம் யாருக்கடி?*

நான் திரும்பிய வேகத்தில் கத்தி தாடையைக் கீறிவிட்டது.

"ஆடாதீங்க சார்" என்றார் சலூன்காரர். "புதுப் பாட்டு. உங்க பட்டறைக்காரர்தான் எழுதினாராமே? அரைமறைன்னா பாதி மறைஞ்சு நிக்கிறவள்னு அர்த்தமாம். என்னா கற்பனை!"

பெரிய ற. என் வார்த்தையைத் திருடியதுமில்லாமல் எழுத்தையும் மாற்றி, கற்பனை என்று பெயரும் வாங்கிவிட்டான். பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். அவன் விசிலடித்துக்கொண்டு ஒரு புஷ் வளையம் கடைந்துகொண்டிருந்தான். "பாட்டு கேட்டீங்களாண்ணே?" என்றான். "ம்" என்றேன். வேறு என்ன சொல்ல? அத்தனை பேர் சுற்றி நின்று அவனோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தெருவே தலைகீழானது. பெண்கள் கையால், நோட்டால், குடையால், எது கிடைக்கிறதோ அதால் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர், 'அடையாள அட்டைக்கு முழு முகம் அவசியம்' என்று பலகை எழுதி மாட்டினார். பட்டறையில் ஒரு போல்ட்டைக் காட்டி "அரைமரை" என்று சொன்னால் வாடிக்கைக்காரர் "மீதி முகம் யாருக்கடி" என்று இழுத்தார். கடைசியில் நாங்களே அந்த வார்த்தையை விட்டுவிட்டு 'கெட்ட மரை' என்று சொல்ல ஆரம்பித்தோம்.

ஒரு நாள் டீ வேளையில் முதலாளி குமுறினார். "பாட்டுதான்யா சனங்களைக் கெடுக்குது. என் பொண்ணு காலேஜ் கார்டுக்கே பாதி மூஞ்சிய மூடிக்கிட்டு போட்டோ குடுத்திருக்கா. திருப்பி அனுப்பிட்டாங்க."

வெல்டர் சும்மா இருக்கிற ஆளில்லை. "பாட்டு என்ன பண்ணும் முதலாளி? அதுக்கு முன்னாடி மட்டும் உங்க பொண்ணு முழு மூஞ்சிய உங்களுக்குக் காட்டிச்சா? பாதி எப்பவும் செல்போனுக்குள்ளதானே இருந்துச்சு? ஊர்ல இருக்கறதத்தான் பாட்டுல போடறான். அது ஒரு கண்ணாடி."

"கண்ணாடியப் பார்த்துத்தானேடா தலை சீவறோம்? பார்த்தப்புறம் தலை மாறுதா இல்லையா?"

"முடி இருக்கறவங்களுக்கு மாறும் முதலாளி."

எல்லோரும் முதலாளியின் வழுக்கையைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டு விசிலின் பக்கம் திரும்பினார். "எழுதினவன் நீ, சொல்லுடா."

"எனக்கென்ன தெரியும் முதலாளி? காதுல விழுந்துச்சு, வாயில வந்துச்சு."

காதில் விழுந்ததாம். யார் வாயிலிருந்து விழுந்தது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டீ எனக்கு மட்டும் கசந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வீட்டில் நடந்ததுதான் தாங்கவில்லை. பாத்திரம் துடைக்கும்போது அவள் அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். கண்ணாடி முன்னால் நிற்காதவள், நின்றாள். நான் வழக்கம்போல "அரைமரை, தண்ணி குடு" என்றால், "பாட்டு உங்களையும் பிடிச்சுக்கிச்சா?" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். இருந்தாலும் இருபது வருஷமாக நான் கூப்பிட்ட பெயரை நானே எங்கிருந்தோ இரவல் வாங்கிக் கூப்பிடுகிற மாதிரி ஆகிப்போனது.

பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பையில் இரண்டு டப்பா இருந்தது. "இன்னொண்ணு விசில் தம்பிக்கு" என்றாள். சொல்லிவிட்டுத் தூணோரம் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவை. வெயில் முழு முகத்திலும் விழ, எண்ணெய்த் தரையில் செருப்பு வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து, என் லேத்தைத் தாண்டி, ரெண்டாம் நம்பரில் போய் டப்பாவை வைத்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி" என்றாள். அவன் எழுந்து நின்று, "அண்ணி கையால சாப்பாடா!" என்று பல்லைக் காட்டினான்.

அன்றைக்கு நான் மூன்று போல்ட்டில் தடம் மாற்றினேன்.

மீதி முகம் யாருக்கடி. யாருடைய முகம்? தூணோரம் நின்ற பாதி முகத்தை இவன் எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தான்? ஒரு முறை இந்தக் கேள்வி உள்ளே ஏறிவிட்டால் அதுவும் அரைமரைதான். மேலேயும் போகவில்லை, கழலவும் இல்லை.

எஃப்.எம். ரேடியோவிலிருந்து விசிலைப் பேட்டி எடுக்கப் பட்டறைக்கே வருகிறார்கள், மறுநாள் பதினோரு மணிக்கு நேரலை என்று சேதி வந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கிரைண்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"அது யார் வார்த்தைடா?"

"உங்க வார்த்தைண்ணே." யோசிக்கவே இல்லை. நோட்டை எடுத்துப் பின் பக்கத்தைத் திறந்து காட்டினான். பென்சிலில் எழுதியிருந்தது: *அரைமரை. ஒண்ணாம் நம்பர் அண்ணன் அண்ணியைக் கூப்பிடுறது.* கீழே ஒரு வரி: *ஏறவும் இல்லை, கழலவும் இல்லை.* சின்ன ரதான்.

"அப்புறம் ஏன் மாத்தினே?"

"நான் மாத்தலண்ணே. கம்பெனியில ஒருத்தர் டைப் பண்றப்ப பெரிய ற போட்டாரு. 'பாதி மறைஞ்சவ, அதானே அர்த்தம்? பிரமாதம்'னாரு. நான் தலையாட்டிட்டேன்."

"ஏன்டா தலையாட்டினே?"

"அண்ணி ஞாபகம் வந்துச்சு. கெட்டுப்போன போல்ட்டுன்னு சொன்னா நாலு பேரு சிரிப்பாங்களே. உங்க வீட்டு வார்த்தைய அங்க எப்படிண்ணே பிரிச்சுச் சொல்றது? ரெண்டாவது வரி பொருந்தலன்னு சொன்னாங்க. அங்கேயே உக்காந்து மீதி முகம்னு எழுதிக் குடுத்தேன்."

"அவ முகத்தை நினைச்சுத்தானே எழுதினே?"

அவன் எண்ணெய்த் துணியை ஒரு சுற்றுச் சுற்றினான். "இல்லன்னு சொன்னா பொய்ண்ணே. தினம் தூணுக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க. இந்தப் பக்கம் வரக் கூடாதான்னு இருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஒன்றும் இல்லைதான், எனக்கே தெரிந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. வரக் கூடாதா என்று இருபது வருஷத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் லேத்தை நிறுத்திவிட்டுத் தூணுக்குப் போய் டப்பாவை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த நல்ல புத்தியும் இவனுக்குத்தான் வர வேண்டுமா?

"நாளைக்கு ரேடியோவுல சொல்லு. அரைமரை, சின்ன ர, போல்ட்டுல வர்றது, என் வார்த்தை. முழுசா சொல்லணும்."

"சொல்லிடறேண்ணே" என்றான். உடனே. ஒரு பிகுகூடப் பண்ணவில்லை. இவனோடெல்லாம் எப்படிச் சண்டை போடுவது?

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கால் கழுவாமலேயே சொன்னேன். "நாளைக்குப் பதினோரு மணிக்கு ரேடியோ கேளு. அந்த வார்த்தை யாரோடதுன்னு ஊருக்கே தெரியப் போகுது."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "நெசமாவா? நம்ம கதவுக் கதையவா சொல்லப் போறாரு?"

"எந்தக் கதவு?"

"என்னங்க, மறந்துட்டீங்களா? பல் ஆஸ்பத்திரிக் கதவு." உட்கார்ந்துவிட்டாள். மடித்த சட்டை மடியிலேயே இருந்தது. "அப்பல்லாம் யாராவது வந்தா முதல்ல என் கன்னத்தைத்தான் பார்ப்பாங்க. அப்புறம் பார்க்காத மாதிரி சுவரைப் பார்ப்பாங்க. நான் கதவுக்குப் பின்னாடி பாதியா நின்னேன். நீங்க வந்தீங்க. நிமிர்ந்து பார்த்து, 'அட, அரைமறை'ன்னீங்க. அன்னிக்கே எங்க அக்காகிட்டப் போய்ச் சொன்னேன். ஒரு ஆளு என்னைப் பார்த்துட்டு, தழும்புன்னு சொல்லல, ஒளிஞ்சிக்கிட்டேன்னும் சொல்லல. அரைமறைன்னான், நெலாவைச் சொல்ற மாதிரின்னு. அந்தப் பாட்டு முதல்ல கேட்டப்ப, நம்ம வீட்டு விஷயத்தை நீங்கதான் பெருமையா அவர்கிட்ட சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன். இப்பப் பாருங்க, ஊர்ல இருக்கற பொண்ணுங்க எல்லாம் என்னை மாதிரி நிக்குது. நான் எதுக்கு இன்னும் ஒளியணும்?"

அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. போல்ட்டைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் சின்ன ர போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன், அவள் பெரிய ற போட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். வாயில் ரெண்டும் ஒரே சத்தம்தானே. கம்பெனிக்காரன் தப்பாக டைப் அடித்தது, ஒரு நாளும் அவனைப் பார்த்திராத என் வீட்டுக்காரி நினைத்ததைத்தான்.

"ஆமா" என்றேன். "கதவுக் கதைதான்."

போல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று அவனைத் தடுக்க, மறுநாள் எட்டு மணிக்கே பட்டறையில் இருந்தேன். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று, விசிலைக் காணோம். போன் எடுக்கவில்லை. பேட்டிக்குப் புதுச் சட்டை வாங்கப் போனானாம். பதினோரு மணி அடிக்கும்போது எஃப்.எம். பெண்ணோடு ஒரே காரில் வந்து இறங்கினான். இறங்கும்போதே அவள் மைக்கில் பேசிக்கொண்டுதான் இறங்கினாள். "சொல்லுங்க, அரைமறைங்கிற அழகான வார்த்தை எப்படிப் பிறந்தது?"

விசில் என்னைப் பார்த்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போகிறவன் மாதிரி தலையசைத்தான். "அதுங்க, எங்க பட்டறையில ஒரு போல்ட்டு..."

நான் லேத்தைப் போட்டேன். டூலைக் குளிர்விக்கிற எண்ணெய்த் தண்ணீரை அடைத்துவிட்டு, மழுங்கின டூலை இரும்பின்மேல் அழுத்தினேன். பல் கூசுகிற கிறீச்சல். அவன் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. விசிலின் முகம் சுருங்கியது. டூல் அழுவது அவன் காதுக்குத்தான் ரொம்ப வலிக்கும்.

அந்தப் பெண் ஓடிவந்தாள். "அண்ணா, லைவ்ல இருக்கோம், கொஞ்சம் நிறுத்துங்க ப்ளீஸ்!"

நிறுத்தினேன். மைக் என் மூக்குக்கு முன்னால் இருந்தது. "போல்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "அரைமறைன்னா பாதி மறைஞ்சு நிக்கிறவ. பெரிய ற. அவனேதான் யோசிச்சான். மூளைக்காரன்."

விசில் என்னைப் பார்த்தான். பிறகு கேட் தூணைப் பார்த்தான். "ஆமாங்க" என்றான். "அண்ணன் சொல்றதுதான்."

சாயங்காலம் வீட்டில் இடி. "ஏங்க விட்டுக் குடுத்தீங்க? அது உங்க வாயில வந்த வார்த்தை!"

"போவட்டும் விடு. அவன் பேரு வாங்கட்டும்."

"உங்க மனசு யாருக்குங்க வரும்?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அந்த ஆளைப் பாருங்களேன். நீங்க குடுத்தா, வாங்கிக்கிறதா? ஆமான்னு தலையாட்டறாரே!"

விசில் தம்பி அன்றோடு 'அந்த ஆள்' ஆனான். மறுநாள் பையில் ஒரே டப்பா. அவள் கேட்டைத் தாண்டி உள்ளேதான் வந்தாள், முழு முகத்தோடு. ஆனால் ரெண்டாம் நம்பர் பக்கம் திரும்பவில்லை. நேராக என்னிடம் வந்தாள். பாட்டையும் விட்டுவிட்டாள். ரேடியோவில் வந்தால் வேறு நிலையம் திருப்பினாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்க மாட்டேன். இனித்தது. இரண்டு வருஷ எரிச்சலில் யாரோ தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். சொல்லவில்லை. சொல்லப் போனால் சின்ன ர வரைக்கும் சொல்ல வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டேன். சாக்கு உண்மைதான். இனிப்பும் உண்மைதான்.

"அண்ணி ஏண்ணே பேசறதில்ல?" என்று கேட்டான்.

"தலைவலிடா."

ஆறு மாசமாகத் தலைவலி. அவன் திரும்பக் கேட்கவில்லை. ஒரு நாள் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தான். "இது என்கிட்ட எதுக்குண்ணே?" என்றான். என் டூல் பெட்டியில், மரை அளக்கிற கேஜுக்கு அடியில் இருக்கிறது அது.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று பாட்டு எழுதினான். ஒன்றும் எடுபடவில்லை. மூன்றுக்கும் வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். போட்டோ எடுக்க வருகிறவர்கள் குறைந்தார்கள், பெண்கள் கையை எடுத்துவிட்டு முகத்தைக் காட்டினார்கள், ஸ்டுடியோக்காரர் பலகையைக் கழற்றினார். பட்டறையில் மட்டும் 'கெட்ட மரை' அப்படியே நின்றுவிட்டது. விசில் இப்போதும் ரெண்டாம் நம்பரில்தான் நிற்கிறான், விசிலடிக்கிறான். என் டூல் மழுங்கினால் சொல்கிறான். அவள் கேட்டுக்குள் வரும்போது மட்டும் உதட்டைக் குவிப்பதை நிறுத்திவிடுவான். பட்டறையில் வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி இதைப் படிப்பாளா, தெரியாது. படித்துவிட்டு வந்து கேட்டால், சின்ன ர வருகிற இடமெல்லாம் எழுத்துப்பிழை என்று சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த ஒரு சலுகையாவது உண்டு. நம்புவாளா என்பது வேறு விஷயம். ஆனால் மறுநாள் பையில் இரண்டு டப்பா இருந்தால் நான் வாயைத் திறக்காமல் ஒன்றை எடுத்து ரெண்டாம் நம்பரில் வைத்துவிட வேண்டும். எரியும். எரியட்டும்.